பழைய கண்ணாடிக் கிண்ணங்களின் கதையையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய பொருள்களை வாசலுக்கு வந்து விலைக்குக் கேட்போர் பித்தளையையும் வெண்கலத்தையும் நிறுத்துப் பார்த்து எடுக்கிறார்கள். கண்ணாடிச் சாமான் என்றால் பெட்டியோடு சேர்த்து ஒரு விலை சொல்கிறார்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய மதுக்கிண்ணங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவரும் ஒருவன் என்ற முறையில், அப்படிக் கொடுத்துவிடுவதற்கு முன் ஒரு முறை அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் சேர்ப்பவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட, அரசியல் குறியீடுகள் பொறித்த கிண்ணங்கள். 1688ஆம் ஆண்டில் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்து பிரான்சுக்குச் சென்றுவிட்ட பின்னரும், ஆளும் உரிமை அவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்குமே உண்டு என்று நம்பியோர் அந்நாட்டில் பலர் இருந்தனர். ஜேம்ஸ் என்னும் பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்து அவர்களுக்கு ஜேக்கபைற்றுகள் என்ற பெயர் வந்தது. 1715இலும் 1745இலும் அவர்கள் ஆயுதம் ஏந்தினர். ஜேம்ஸின் பேரன் சார்ள்ஸ் எட்வேட் ஸ்டுவட் தலைமை தாங்கிய இரண்டாவது கிளர்ச்சி, 1746 ஏப்ரல் 16ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் குலோடன் வெளியில் முறியடிக்கப்பட்டது. அந்த விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்வது இராசத்துரோகமாகக் கொள்ளப்பட்ட காலத்தில், அவர்கள் அதைக் கண்ணாடியில் பொறித்து, கதவைச் சாத்திக்கொண்டு, நம்பிக்கையானவர்களோடு மட்டும் இருந்து குடித்தார்கள். வெளிப்படையாகச் சொல்ல முடியாததைப் பூவாலும் இலையாலும் சொல்வது எத்தகையது என்று எம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கிண்ணங்களில் அதிகமாகக் காணப்படுவது ஆறிதழ் ரோசாப்பூவும் அதன் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ மொட்டுக்களும். பூவை அரச முடியாகவும், மொட்டுக்களை நாடு கடந்து வாழ்ந்த இளவரசர்களாகவும் வாசிப்பதே வழக்கம். எந்த மொட்டு யாரைக் குறிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஓக் இலையும் வரும். ஜேம்ஸின் அண்ணன் இரண்டாம் சார்ள்ஸ் 1651இல் தோல்வியுற்று ஓடியபோது ஓர் ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பி, பின்னர் அரசராகத் திரும்பி வந்தார் என்பதால், அந்த இலை மீட்சியின் அடையாளமாயிற்று. சிலவற்றில் 'ஃபியாட்' என்ற இலத்தீன் சொல், அதாவது 'அவ்வாறே ஆகுக'. வேறு சிலவற்றில் 'ரெடேயாட்', 'அவர் திரும்பி வருக'. விருந்தில் எல்லோரும் எழுந்து அரசரை வாழ்த்தும்போது, மேசையிலுள்ள தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலாகத் தன் கிண்ணத்தைப் பிடிப்பவர் கடலுக்கு அப்பாலுள்ள அரசரையே வாழ்த்துகிறார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கிண்ணத்தில் ஒரு சொல், கையில் ஓர் அசைவு. அவ்வளவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மறுதரப்பினரும் சும்மா இருக்கவில்லை. 1690இல் பொயின் ஆற்றங்கரையில் வெற்றிபெற்ற, ஜேம்ஸுக்குப் பதிலாக அரியணை ஏறிய மூன்றாம் வில்லியம் குதிரைமேல் அமர்ந்திருக்கும் கிண்ணங்கள் அயர்லாந்தில் பெருமையாக வைத்திருக்கப்பட்டன. இந்தப் பிணக்குக்கு அப்பாலும் இவ்வழக்கம் பரவியது. ஜோன் வில்க்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் 1763இல் தம் பத்திரிகையின் 45ஆம் இதழில் அரச உரையைக் கண்டித்ததற்காகச் சிறைப்பட்டபோது, அவருடைய ஆதரவாளர்கள் '45' என்ற எண்ணையே கிண்ணத்தில் பொறித்துக்கொண்டார்கள்.

இவற்றைச் சேர்ப்பவர் ஏமாறவும் கூடும். நானும் ஏமாந்தேன். இலண்டனில் இருக்கும் என் தமக்கையின் மகன் மூலமாக, அங்குள்ள ஓர் ஏல நிறுவனத்தில் இரட்டை மொட்டு ரோசாக் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். கிண்ணம் மெய்யாகவே பழையது. விளிம்பை நகத்தால் தட்டினால் ஈயக் கண்ணாடிக்குரிய நீண்ட நாதம் எழும். தண்டுக்குள் காற்றிழைகள் வெள்ளி நூல்போல் முறுகி ஏறும். அடித்தட்டு வாயைவிட அகலம். அடியில் இரும்புக் கோல் ஒட்டியிருந்த தழும்பு. அடித்தட்டின் விளிம்பில் பல தலைமுறை மேசைகளில் உரசிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஆறு ஆண்டுகள் அதை அலுமாரியின் நடுத்தட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் பூதக்கண்ணாடியால் பூவைப் பார்த்தபோது, பாவனையில் விழுந்த மெல்லிய கீறல் ஒன்று இதழின் ஓரம்வரை வந்து, செதுக்கிய பள்ளத்துக்குள் காணாமற்போய், இதழின் மறுபக்கத்தில் அதே நேரில் தொடர்வதைக் கண்டேன். பூ முன்பே இருந்திருந்தால், கீறல் பள்ளத்தின் ஓரங்களையும் உராய்ந்து மழுக்கியிருக்க வேண்டும். அந்த ஓரங்களோ கூர்மையாகவும், பள்ளத்தின் அடி மாவு பூசியதுபோல் வெண்மையாகவும் இருந்தன. வெறுங்கிண்ணமாக இருந்த ஒன்றில், விலை ஏறுவதற்காகப் பிற்காலத்தில் யாரோ ரோசாவைச் செதுக்கியிருக்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன், முறையிடும் காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அது எங்கிருந்து வந்தது, எந்த வீட்டில் இருந்தது என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்காதது என் பிழை.

அதனால்தான் எம் வீடுகளை எண்ணி வருந்துகிறேன். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். அவர்களுடைய நாட்டிலும், கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையையும் கப்பல்களையும் பொறித்த கிண்ணங்களை ஏந்தி அதன் செழிப்புக்காகக் குடித்தார்கள். அத்தகைய ஒன்று இங்கே எந்த வீட்டுப் பெட்டகத்திலாவது இருக்கிறதா என்பதை, அவரவர் வீட்டைத் திறந்து பார்த்தால்தான் அறியலாம். என் பெரியம்மாவின் அலுமாரியில் 1937ஆம் ஆண்டு ஆறாம் ஜோர்ஜின் முடிசூட்டு நினைவாகச் செய்த தம்ளர் ஒன்று இருந்தது. அதை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்; எழுதி வைக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது தம்ளரும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.

1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கிறது என்பதை விற்போரும் வாங்குவோரும் அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பிற்பட்டவற்றைக் காப்பதில் வீட்டுக்காரரின் கவனமே முக்கியம். பழைய கிண்ணத்தைச் சாம்பலாலோ தேய்ப்புத் தூளாலோ துலக்க வேண்டாம். கீறல்களும் அதன் சாட்சிகள். இளஞ்சூட்டு நீரில் கழுவி, ஒரு சிறு கடதாசியில் யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து என்று எழுதி அதனோடு வையுங்கள். தங்கள் பத்திரிகை வாரத்தில் ஒரு நாள் ஒரு மூலையை ஒதுக்கி, வாசகர் அனுப்பும் ஒரு பொருளின் படத்தையும் அந்த வீட்டார் அதைப் பற்றி அறிந்ததையும் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். முதற் படமாக, பிற்காலச் செதுக்கு என்று நானே எழுதி வைத்த துண்டோடு அந்த ரோசாக் கிண்ணத்தை அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
நல்லூர், யாழ்ப்பாணம்.