ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதும் பிள்ளைகளைத் திருத்த வரும் பெரியவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே, ஆசிரியர்களே,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதத் தொடங்கியிருக்கும் நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லும் கருத்து உதவவில்லை. பிடித்த தொடரிலோ நாவலிலோ வரும் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் புதுக்கதைதான் ஃபேன் ஃபிக்‌ஷன். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கறை இல்லாதவர் ஓர் உயர்நிலை மூன்று மாணவியின் கதையை முழுசாக உட்கார்ந்து படிக்க மாட்டார். ஆனால் படித்து முடித்ததும் என்ன எழுதுகிறீர்கள்? "ஒருமை பன்மை மயக்கம் உள்ளது. வலி மிகும் இடங்களைக் கவனிக்கவும். அடுத்த முறை சொந்தக் கதாபாத்திரம் படைக்கலாமே." அவ்வளவுதான். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்மையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பார்த்ததைச் சொல்கிறேன். தனக்குப் பிடித்த தொடரில் வில்லனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், மொத்தமே நாலைந்து காட்சிதான் வருவாள், அவளை எடுத்து நம் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் குடிவைத்து எழுதியிருந்தாள் ஒரு பெண். அண்ணன் சிறையிலிருந்து வரும் நாள். தங்கை இரண்டு பொட்டலம் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. ராத்திரி இரண்டையும் அவளே சாப்பிட்டு முடிக்கிறாள், ஆறிப்போனதைச் சூடுகூடப் பண்ணாமல். கதைக்குக் கீழே அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "தங்கை இப்படி நடந்துகொள்வாளா?" வந்த பதில்களில் ல, ள, ழ இருந்தது, சந்தி இருந்தது, மீ கோரெங்கைத் தமிழில் எழுத முடியாதா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். அவள் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

இத்தனைக்கும் ஃபேன் ஃபிக்‌ஷனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். வாசகருக்கு அந்தத் தங்கையை ஏற்கெனவே தெரியும். அவள் எப்படிப் பேசுவாள், எதற்குக் கோபப்படுவாள் என்று தெரியும். "நம்ம ஆள் இப்படிச் செய்யமாட்டாளே" என்று தோன்றிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு அழகாக எழுதினாலும் ஒட்டாது. சொந்தப் பாத்திரத்தை எழுதுபவருக்கு இந்தச் சோதனை இவ்வளவு சீக்கிரம் வராது. ஆகவே இது சுலபமான வழி, காப்பியடிப்பது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அவளுக்கு நான் தனியாக எழுதியது இது: "அவள் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அது அவள்தான், சந்தேகமே இல்லை, தொடரிலும் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் அடுத்த பத்தியில் 'என் மனம் உடைந்துவிட்டது' என்று நினைக்கிறாள் பார், அங்கே எனக்கு அவள் குரல் கேட்கவில்லை." எங்கே பிடித்தது, எங்கே நழுவியது, ஏன். எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்தியை எப்படி மாற்றுவது என்று நான் சொல்லவில்லை, அது அவள் வேலை.

பிழைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. கதையை வெளியிடும் முன் படித்துத் திருத்திக்கொடுப்பவரை இந்த உலகத்தில் பீட்டா என்பார்கள். எழுத்துப்பிழை, சந்தி எல்லாம் அந்தக் கட்டத்தில், இரண்டு பேருக்குள் முடிந்துவிட வேண்டியவை. வெளியான கதைக்குக் கீழே, வகுப்புத் தோழர்கள் பார்க்கும் இடத்தில், பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு மை தேவையா? பள்ளியில் வாங்குவது போதாதா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை, யாரும் மதிப்பெண் போடாத ஒன்றைத் தமிழில் எழுதுகிறது. அந்தப் பிள்ளை அடுத்த கதையை ஆங்கிலத்தில் எழுதப் போய்விட்டால் யாருக்கு நட்டம்?

வசனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈசூன் பெண் ஈசூன் பெண்ணாகத்தான் பேசுவாள். 2005ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. கதையில் வந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

கதையைப் படித்துக் கருத்துச் சொல்லப் பழகுவது நமக்குப் புதிதும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் தமிழ் நேசன் நாளிதழ் புது எழுத்தாளர்களுக்காகக் கதை வகுப்பு நடத்தியது. அதையடுத்து தமிழ் முரசு நாளிதழில் ரசனை வகுப்பு வந்தது. எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, வாசிக்கிறவருக்கும் பயிற்சி வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது வகுப்பின்மேல்தான் மரியாதை அதிகம்.

சரி, இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். அந்த "சூப்பர்" தரும் தெம்பும் வேண்டும்தான், ஆனால் திருத்தி எழுத அது போதாது. 2009ல் தொடங்கிய ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் பலர் கதைக்கு முன்னாலேயே குறிப்பு எழுதிவிடுகிறார்கள்: விமர்சனம் சொல்லலாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று. நீங்களும் எழுதுங்கள். வேண்டாம் என்பதும் உங்கள் உரிமை. கேட்டு வாங்கிய கருத்து சுட்டால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினோம் என்றால், அவர்கள் சொல்லும் வைத்தியம் பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

பெரியவர்களே, ஜூன் விடுமுறை வருகிறது, பிள்ளைகள் நிறைய எழுதும் நேரம். பீட்டா தேடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு கதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்குக் கீழே எழுதியவர் என்ன கேட்டிருக்கிறார் என்று பார்த்து, முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள். அப்புறம் சந்தியைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் கதைகளையும் படித்து வளர்ந்த ஒரு பீட்டா