தமிழ்ப் பள்ளி நூலகத் திருப்பணி நிறைவு அறிக்கையும் புத்தகத் தேர்வு விளக்கமும்

பர்மா, மோல்மேன் கோயில் வளாகத் தமிழ்ப் பள்ளிச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் நூலகத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்பாள் கிருபையால் நூலக அறை முடிந்துவிட்டது. கூரைத் தகடு மாற்றியது, சுவருக்கு வெள்ளை, தரைக்கு சிமெண்டு, மின்வெட்டைச் சமாளிக்க சோலார் தகடும் பேட்டரியும், எல்லாம் மதிப்பீட்டுக்குள் அடங்கின. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் நீட்டவில்லை. பொதுக்குழுவில் எழுந்ததெல்லாம் உலகப் போர்க் கதைகள் வைக்கும் கிழக்குச் சுவர் அலமாரியைப் பற்றிய கேள்விகள்தான். புத்தகச் செலவு ஏன் இவ்வளவு ஏறியது? நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சண்டைக் கதை எதற்கு? இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இந்த நோட்டை மூட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பணம். புத்தகத்துக்கு ஒதுக்கியது 18,00,000 கியாட். ஆனது 24,60,000. கூடுதல் 6,60,000. இதற்குக் காரணம் சென்னைப் புத்தக முகவரோடு ஏற்பட்ட தகராறு. நாங்கள் எழுதிய கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது: "11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் படிக்கத்தக்க, உலகப் போர்க் காலத்தை வைத்து எழுதிய கதைகள், 40 தலைப்புகள்." இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது? பெட்டி ரங்கூன் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏறி, நனைந்த மூலையோடு வந்து சேர்ந்தது. கோயில் தாழ்வாரத்தில் வைத்துக் கயிற்றை அறுத்தோம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மேலாக இருந்த புத்தகத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசையாக எடுத்தாள். அட்டையில் வெட்டுண்ட தலையைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன். ஆசிரியை சட்டென்று வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் கை அப்படியே நீட்டியபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நாற்பதில் இருபத்து மூன்று பெரியவர்களுக்கான ராஜா காலத்து நாவல்கள். முகவரைக் கூப்பிட்டால், "போர்க்கதைதானே கேட்டீங்க, எல்லாத்துலயும் போர் இருக்கே" என்கிறார். திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். இரண்டரை மாதம் பேசிப் பேசி, பாதிப் பணத்துக்கு வேறு புத்தகம் தர ஒப்புக்கொண்டார். திருப்பி அனுப்பியதற்கும் மறுபடி வரவழைத்ததற்கும் பெட்டிக்கூலி 3,10,000. வேறு கடையில் வாங்கிய புத்தகங்களுக்கு 2,20,000. ரங்கூனில் எடுப்புச் செலவு 1,30,000. ரசீது இல்லாமல் ஒரு கியாட்கூடப் போகவில்லை.

வந்ததையே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். நூலக மேசையில் ஆள் இல்லாத நேரம் தினமும் இருக்கிறது. பூட்டாத அலமாரியில் வைத்தால் அது பிள்ளை கைக்குத்தான் போகும். அந்த 6,60,000 செலவானதற்கு நான் வருத்தப்படுகிறேன். திருப்பி அனுப்பியதற்கு வருத்தப்படவில்லை.

இரண்டாவது, சண்டைக் கதை எதற்கு என்ற கேள்வி. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942 ஜனவரி 31-ல் நம் மோல்மேன் ஜப்பானியர் கைக்குப் போனது. மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தவர்கள் கதை நம்மில் பாதி வீட்டில் உண்டு. தெற்கே தன்பியுசயாவில் தொடங்கி சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ஜப்பானியர் போட்ட ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-ல் இரண்டு முனையும் கூடின. தன்பியுசயா போர் வீரர் இடுகாட்டில் பொதுநலவாய நாட்டார் கல்லறை 3,149, டச்சுக்காரர் கல்லறை 621. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து வேலை வாங்கிய தமிழர்களுக்கு அங்கே பெயர்க்கல் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், "நம்ம ஆளுங்க பேரு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த அலமாரி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அன்றிலிருந்துதான்.

ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு ஆசிரியைகள், ஒரு தாயார், எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என நால்வர் முழுதாகப் படித்தார்கள். காயத்தைச் சொல்லலாம், ருசித்துச் சொல்லியிருந்தால் தள்ளினோம். எதிரி நாட்டார் அத்தனை பேரும் அரக்கர் என்று எழுதியதைத் தள்ளினோம். கதையில் வரும் பிள்ளைக்குக் கடைசிவரை கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை என்றால் அதை ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த இரு வகுப்புக்கு நீலப்பொட்டு, எட்டு ஒன்பதுக்குச் சிவப்புப்பொட்டு. சிவப்புப்பொட்டுப் புத்தகம் திரும்பி வரும்போது ஆசிரியை கூட உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசுவார்.

அணுகுண்டுக் கதிர்வீச்சால் நோயுற்று, ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் குணமாகும் என்று நம்பிய ஹிரோஷிமா சிறுமி சடாகோவின் கதைக்கு நீலப்பொட்டு. கதைப்புத்தகத்தில் அவள் 644 காகிதக் கொக்கு மடித்ததோடு இறந்துபோகிறாள். அவள் குடும்பத்தார் சொல்வது ஆயிரத்துக்கும் மேல் மடித்தாள் என்று. அதை ஒரு சீட்டில் எழுதி உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறோம்.

அதிகம் வாதம் நடந்தது 'பர்மிய யாழ்' பற்றி. போர் முடிந்தபின் ஜப்பானியப் பிள்ளைகளுக்காகத் தகெயாமா மிச்சியோ எழுதியது. ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் ஊர் திரும்பாமல், பொங்கியாக, அதாவது பௌத்தத் துறவியாக, இங்கேயே தங்கி, இறந்துகிடக்கும் தன் ஆட்களைப் புதைக்கிறான். எழுதியவர் பர்மாவைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. கதையை வகுப்பில் தமிழில் சொன்னபோதே ஒரு பையன் எழுந்து, "பொங்கி சௌங் வாசிக்க மாட்டாரே, அவங்களுக்கு அது ஆகாதே" என்றான். சௌங் என்பது அந்த யாழ்தான். சரியான பேச்சு. அதற்கும் சீட்டு ஒட்டினோம்.

நம்மை அடித்தவன் கதையை நம் பணத்தில் வாங்குவதா என்று ஓர் உறுப்பினர் கோபமாகக் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முடிவைப் பெரியவரிடம் விட்டோம். அவர் தகப்பனார், 'வியர்வைப் படை' என்று பேர் சொல்லி இங்கே ஆள் பிடித்தார்களே, அதில் அந்த ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். பெரியவர் புத்தகத்தை ஒன்பது நாள் வைத்திருந்தார். கொண்டுவந்து மேசையில் வைத்து, "பொணத்தப் பொதைக்கணும்னு ஒருத்தன் நெனச்சான்னு எழுதியிருக்கான். இருக்கட்டும், வை" என்றார். வைத்தோம்.

மலேசிய எழுத்தாளர் சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நம்மவர் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல். பெரியவர்களுக்கு எழுதியது. அதை மேல்தட்டில், பூட்டுக்குள் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும், ஆசிரியை தேர்ந்தெடுத்த அத்தியாயங்களை வாய்விட்டு வாசிப்பார். குழுவில் இருவர் இதற்குச் சம்மதிக்கவில்லை. அவர்கள் மறுப்பும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

உபயதாரர்கள்: அலமாரித் தேக்குப் பலகை, ஆற்றங்கரை மர மண்டிக்காரர் குடும்பம். மேசையும் எட்டு நாற்காலியும், மார்க்கெட் ஜவுளிக்கடை அண்ணன் தம்பிகள். சோலார், பாங்காக்கில் வேலை செய்யும் நம் பழைய மாணவர்கள். தரை சிமெண்டு, தைப்பூசக் காவடிக் குழு. சடாகோ கதை ஐந்து பிரதி, இட்லிக்கடை அக்கா. அட்டை போட்ட காகிதமும் பசையும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்த்த காசு. பெயர்கள் முழுதாக வாசல் பலகையில் உள்ளன. விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்க்கிறோம்.

பற்றாக்குறை 1,40,000 கியாட்டைப் பொருளாளர் கைப்பணமாகப் போட்டிருக்கிறார். அடுத்த சந்தாவில் முதலில் அதைத் தீர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவு நோட்டும் முகவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் நூலக மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மேல்தட்டுச் சாவி தலைமையாசிரியையிடம்.

செயலாளர்,
நூலகத் திருப்பணிக் குழு