2024–25 ஆண்டறிக்கை: பட்ஜெட்டும் வரியும் நம் குடும்பங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு குறித்த மனுக்கள் வழக்கம்போல் கொடுக்கப்பட்டன. தெருவிளக்குகள் பெரும்பாலும் சரியாகிவிட்டன, சாக்கடை இன்னும் ஆகவில்லை. ஆனால் சங்க அலுவலகப் படியேறி வந்தவர்களில் பலர் கையில் கொண்டுவந்தது மின்கட்டண விவரம், வீட்டு வரி ரசீது, உரிமைத்தொகை நிராகரிப்புக் குறுஞ்செய்தி ஆகியவைதான். அதனால் செயற்குழு இந்த ஆண்டு முழுவதும் வரி, கட்டணம், அரசு உதவி ஆகியவற்றிலேயே அதிகம் உழைத்தது.

முதலில் மின்சாரம். 2024 ஜூலை முதல் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்ந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தொடர்கிறது. 500 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது 1,805 ஆனது. சொந்த வீட்டில் தனி மீட்டர் வைத்திருப்பவருக்கு இந்த உயர்வு தாங்கக்கூடியதாக இருக்கலாம். நம் பகுதியில் சிக்கல் வேறு. லைன் வீடுகளில் நான்கு போர்ஷனுக்கு ஒரே மீட்டர். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் எரித்தால் தனி மீட்டரில் ஆளுக்கு 164 ரூபாய் 50 காசு. நால்வருக்கும் சேர்த்து 658 ரூபாய். அதே 680 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலை கூடும் கணக்கில் விழுந்து 3,636 ரூபாய். எரித்த மின்சாரம் ஒன்றுதான். ஐந்து மடங்குக்கும் மேல் கட்டுகிறார்கள். அரசு தரும் இலவச யூனிட் நான்கு குடும்பங்களுக்குச் சேர்த்து ஒருமுறைதான் கிடைக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மகளிர் உரிமைத்தொகைக்கான தகுதிகளில் ஒன்று, குடும்பத்தின் மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் கேட்டார்கள். மேலே சொன்ன மீட்டரில் ஆண்டுக்கு 4,080 யூனிட். வீட்டு வேலைக்குப் போகிற, தையல் கம்பெனிக்குப் போகிற நம் சகோதரிகள் அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். எழுத வேறு எண் அவர்களிடம் இல்லை. மாதம் 1,000 ரூபாய் என்பது அவர்களுக்கு வாடகையில் ஒரு பங்கு. இந்தத் திட்டத்தை நம் சங்கம் முழுமனதோடு வரவேற்றது, இன்றும் வரவேற்கிறது. அதனால்தான் அது போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குப் போகாமல் நிற்கும்போது மனம் கொதிக்கிறது. நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தோம், இ-சேவை மையத்துக்கு உடன் போனோம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவும் கொடுத்தோம். சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு இன்னும் இல்லை.

வரி குறித்து உறுப்பினர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருந்தது. பிப்ரவரியில் ஒன்றிய பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தபோது, "நாம எங்கே வரி கட்டுறோம்" என்று பலரும் கேட்டார்கள். அதற்காகவே மளிகை ரசீதுகளை வைத்து ஒரு கூட்டம் நடத்தினோம். குளியல் சோப்புக்கு அப்போது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்தது. பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை 5 விழுக்காடு. 26 கிலோ மூட்டைக்கு அது கிடையாது. மொத்தமாக மூட்டை எடுக்கப் பணம் இருப்பவருக்கு வரி இல்லை. வாரக்கூலி வாங்கி 5 கிலோ பை எடுப்பவருக்கு வரி உண்டு. இதைக் கேட்டதும் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஆட்டோ ஓட்டும் தோழர்கள் பெட்ரோல் பற்றிக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபின், தமிழ்நாட்டின் வரி 13 விழுக்காடும் அதோடு 11 ரூபாய் 52 காசும். இந்த அறிக்கை ஆண்டில் ஒன்றிய அரசு லிட்டருக்கு எடுத்தது 19 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிடப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றவை செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் ஒன்றிய அரசே வைத்துக்கொள்பவை. அந்த 1 ரூபாய் 40 காசிலும் மாநிலங்களின் பங்கான 41 விழுக்காட்டில் தமிழ்நாட்டுக்கு அப்போது வந்தது 4.079 விழுக்காடு. மாநில அரசைக் கேள்வி கேட்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வீட்டு வரி 2022-இல் உயர்த்தப்பட்டபோது, சென்னையின் பழைய பகுதிகள் தவிர மற்ற இடங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடுதான் கூடியது. ஆனாலும் வரி கூடிவிட்டது என்று சொல்லி வாடகையை உயர்த்தாத உரிமையாளர் குறைவு. சொந்த வீடு உள்ள உறுப்பினர்களுக்கு, ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதை வீடு வீடாகச் சொன்னோம்.

மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வைத்த 2025–26 மாநில பட்ஜெட்டைச் செயற்குழு கூடிப் படித்தது. பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, மகளிர் உரிமைத்தொகைக்கு 13,807 கோடி, மகளிர் கட்டணமில்லாப் பேருந்துக்கு 3,600 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் துண்டு, 41,635 கோடி. பேருந்துத் திட்டத்தில் யாரும் எந்த எண்ணும் கேட்பதில்லை, ஏறினால் பயணம். அதனால்தான் நம் வாடகைக் குடும்பத்துப் பெண்களுக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்த உதவி அதுவே என்பது என் கருத்து. பள்ளிக் காலை உணவும் அப்படியே. உரிமைத்தொகையில் விடுபட்ட தகுதியுள்ள மகளிர் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பை நழுவ விடக் கூடாது.

டாஸ்மாக் வருவாயையும் மகளிர் அணி எழுப்பியது. 2023–24-இல் அது 45,855 கோடி. வரவுப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி நம்மைப் போன்ற வீடுகளின் கூலியிலிருந்து போனது. மாற்று வருவாயைத் தேடச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்றார்கள். செயற்குழு ஒருமனதாக ஏற்றது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டைப் புதுப்பிப்பில் இளைஞர் அணி நன்றாக உழைத்தது, அவர்களுக்கு நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக மூன்று தீர்மானங்கள்: வாடகைக் குடும்பங்களுக்குத் தனி மின் இணைப்பை எளிதாக்க வேண்டும், 2021 தேர்தலின்போது தி.மு.க. சொன்னபடி மாதந்தோறும் ரீடிங் எடுக்க வேண்டும், பொது மீட்டரில் வாழும் பெண்களின் உரிமைத்தொகைத் தகுதியை முடிவு செய்யும்போது போர்ஷன்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். நான்காவதாக, மகளிர் அணியின் தீர்மானம்.

ஒரே மீட்டரில் குடியிருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் குடும்ப அட்டை நகலையும் கடைசி மின்கட்டண ரசீதையும் முன்வரிசை மேசையில் கொடுத்துவிட்டுப் போகவும். வரும் திங்கட்கிழமை மனுவோடு இணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்