சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவுக்கு, அப்புறம் மற்ற எல்லோருக்கும்

பாப்பா பிறந்த பிறகு எனக்கு வந்த மனச்சோர்வால் இந்த நாலு மாதத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை, சொல்லத் தெம்பும் இல்லை. நேற்று டாக்டர் "இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே எழுத வேண்டும் என்று இருந்தது, பாப்பா தூங்கி எனக்குக் கை ஒழிய இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா. பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது, போடவில்லை.

எங்கள் படுக்கையறைக்கும் உங்கள் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தான். பாப்பாவுக்கு ஐந்தாறு வாரம் இருக்கும், ராத்திரி ஆனால் அழுகை. பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டு நடந்து, எதற்கும் அடங்காத அழுகை. அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இந்தச் சத்தம் உங்கள் பக்கம் போய்விடக் கூடாதே என்பதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். என் கணவர் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டேன். அவள் ஒருவழியாகத் தூங்கியதும் வெளியே வந்து படுக்க வைப்பேன். அப்புறம் என் முறை. தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வேன், வெளியே கேட்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலையில் நீங்கள் கதவைத் தட்டியதும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "மன்னிச்சிடுங்க அக்கா, இன்னிக்கு எப்படியாவது பார்த்துக்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் உள்ளே கூட வரவில்லை. "குழந்தை அழுறது எனக்குத் தொந்தரவே இல்லம்மா, குழந்தைன்னா அழும். அவ நிறுத்தினப்புறமும் ஒரு அழுகை கேட்குதே, அதுக்குத்தான் வந்தேன்" என்றீர்கள்.

அதுவரை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "பாப்பா எங்கே" என்று கையை நீட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். தப்பு சொல்லவில்லை, அன்பில்தான் வந்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு "எத்தனை நாளா?" என்று கேட்டீர்கள்.

பிரசவமான முதல் வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகவே விட்டுவிடும், அதையும் தாண்டிப் போனால் அது வேறு, அதற்குச் சிகிச்சை வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியாது என்று போன வாரம் சொன்னீர்கள். நாள் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றியதாம், அவ்வளவுதானாம்.

"பிறந்ததிலிருந்தே" என்றேன். "இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லும்மா" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன், நீங்கள் போனதும் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஆட்டினேன். நீங்கள் போகவில்லை. நான் போனை எடுத்து, நம்பரைத் தேடி, பேசி, நேரம் வாங்கி வைக்கிற வரைக்கும் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். வேலைக்குப் போகிற நேரம் உங்களுக்கு, தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே போனதும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற, 1987-இல் வெளிவந்த எடின்பரோ கேள்வித்தாள், பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று. ஒன்பது வரைக்கும் எழுதிவிட்டேன். பத்தாவதில் பேனா நின்றுவிட்டது. உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிற கேள்வி அது, அதை நிரப்பியவர்களுக்குத் தெரியும். பொய்யை டிக் செய்துவிட்டு எழுந்து வந்துவிட என்னால் முடிந்திருக்கும், ஆறு வாரமாக அதைத்தான் எல்லோரிடமும் செய்துகொண்டிருந்தேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு ஏற்கெனவே கேட்டுவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உண்மையை எழுதினேன். அக்கா, அந்த ஒரு டிக் உங்களால் போட்டது.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தோடு ஹார்மோன்கள் ஒரேயடியாக இறங்குவதையும் அதோடு தூக்கமும் போவதையும் பொறுமையாகச் சொல்லி, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தாகப் பார்த்துக் கொடுத்த டாக்டர். குழந்தையின் அழுகை இரண்டாவது வாரம் வாக்கில் ஏற ஆரம்பித்து, ஆறாவது வாரத்தையொட்டி உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும் என்று ஒரு தாளில் மலை மாதிரி வரைந்து "நீங்க இப்ப இங்க இருக்கீங்க" என்று உச்சியில் புள்ளி வைத்த நர்ஸ். அந்தத் தாள் இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தாங்க முடியாமல் போனால் அவளுடைய சின்னக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை, எந்தக் கோபத்திலும் குழந்தையை உலுக்கி மட்டும் விடாதீர்கள் என்று கூச்சமில்லாமல் சொன்னதும் அவர்தான். அதை யாராவது பிரசவத்துக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை முறை போட்டுப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஐந்து மணி நேரத் தொடர் தூக்கம் கொடுத்த மூன்று தோழிகள், மருந்தில் பாதி நீங்கள்தான். என் வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒரு தடவை கூட அதைச் சொல்லிக் காட்டாதவர்கள். அப்புறம், என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு "நீ எப்படிடா இருக்கே" என்று கேட்ட அவருடைய நண்பர். பத்து அப்பாக்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இதே சோர்வு வருகிறதாம், அவரும் அந்தப் பத்துக் கேள்விகளை நிரப்பினார் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியும்.

பாப்பாவின் அட்டையை எடுத்துப் பார்க்கிறேன். எடை பார்க்க ஒரு தேதி, தடுப்பூசிக்கு ஒரு தேதி, உயரம், தலைச் சுற்றளவு, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, எல்லாம் வேண்டியதுதான். அவளை இருபத்துநாலு மணி நேரமும் கையில் வைத்திருக்கிறவளைக் கேட்க அதில் ஒரு கட்டம் கூட இல்லை. அவள் தேறினால்தானே குழந்தை தேறும்? யாராவது வந்து கதவைத் தட்டினால்தான் உண்டு என்று இந்த விஷயம் இருக்கக் கூடாது அக்கா. ஆனால் அது மாறுகிற வரைக்கும் நான் தட்டுகிறவளாக இருப்பேன். எனக்குத் தெரிந்த எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், குழந்தையைப் பார்க்கும் முன் அம்மாவைப் பார்ப்பேன், அப்பாவையும் கேட்பேன். "நல்லா இருக்கேன்" என்று பதில் வந்தால் உடனே கிளம்ப மாட்டேன், கொஞ்ச நேரம் வாசலில் நிற்பேன். இதை எல்லோர் முன்னாலும் எழுதி வைப்பது, பிறகு நான் மறந்துபோனால் நீங்கள் யாராவது கேட்க வேண்டும் என்பதற்காக.

நேற்று ராத்திரியும் பாப்பா கொஞ்ச நேரம் அழுதாள் அக்கா. குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஜன்னலோரம் வைத்துக்கொண்டு நடந்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். அவள் மட்டும்தான் அழுதாள்.