ஃபோமட் அடிக்கும் முன் பற்றரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கொம்பியூட்டர் கிளம்பாமல் நின்றுவிட்டால் கடையில் முதலில் காதில் விழுவது "ஃபோமட் அடிக்க வேணும்" என்ற சொல்தான்; அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்து வின்டோஸைப் புதிதாக ஏற்றுவது. பழுது வின்டோஸில் என்றால் சரி. மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே கிடக்கிற பெட்டியில் வின்டோஸின் முறை இன்னும் வரவேயில்லை. அதை அழித்துப் போட்டால் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் கலியாணப் படங்களும் போகும். பழுது அப்படியே இருக்கும்.

பட்டனை அழுத்தியும் ஒன்றும் அசையவில்லையென்றால் கரண்ட் போனால் தாங்கும் யூபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, நேரே சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பற்றரி பொதுவாக இரண்டு மூன்று வருடங்களில் களைத்துவிடும். பழைய பவர் சப்ளை சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. அது 230இல்தான் இருக்க வேண்டும். விளையாட்டாகத் தள்ளி 115இல் விட்டால் எங்கள் கரண்டுக்கு உள்ளே வெடிக்கும். பவர் சப்ளையை மட்டும் வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்சாரம் தங்கி நிற்கும்.

விசிறி சுற்றுகிறது, படம் இல்லை என்றால் முதலில் மொனிட்டர் வயரைப் பாருங்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள பெட்டியில் வயர் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்ட் என்ற தாய்ப்பலகையில் அல்ல. அடுத்தது ரேம் என்ற நினைவகப் பலகை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்கிற எங்கள் ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய கறையாகப் படியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக நிற்கும் ரேமும் பழுதான ரேமும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

கூடுதலாக ஏமாற்றுவது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி. சிஆர் 2032, 3 வோல்ட். சுவர் கரண்ட் இருக்கும்வரை மதர்போர்ட் கடிகாரத்தை அதிலிருந்தே ஓட்டிக்கொள்ளும்; பற்றரி செத்தது தெரியாது. இடி முழங்குகிறது என்று இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்தால், விடிய திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும், பயோஸ் (வின்டோஸுக்கு முன் பெட்டியைக் கிளப்பும் நிரல்) அமைப்புகள் பல பெட்டிகளில் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். வின்டோஸ் ஏற்றிய நாளில் டிஸ்க்கோடு பேசும் ஸாட்டா முறை வேறாக இருந்திருந்தால் நீலத் திரை வரும். யூஇஎஃப்ஐ, லெகசி என்ற கிளம்பும் முறை மாறியிருந்தால் பூட் டிவைஸ் (கிளம்புவதற்கான டிஸ்க்) இல்லை என்று சொல்லும். ஹாட் டிஸ்க் செத்துவிட்டது என்று கைவிடப்படுவது இந்த இடத்தில்தான், டிஸ்க்கோ நலமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பற்றரியை மாற்றுங்கள். கிளம்பும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயோஸுக்குள் போய்த் திகதியைச் சரிசெய்து, ஸாட்டாவை ஏஎச்சிஐ, ரெய்ட் என்ற இரண்டு முறைகளுக்கும் மாற்றிப் பாருங்கள். இப்படி மாற்றுவதால் கோப்பு அழியாது. புதிய ரெய்ட் தொகுதி உருவாக்கும் பட்டியலுக்குள் மட்டும் போகக் கூடாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை இன்றே எழுதி வையுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் அதில் உள்நுழைந்து எடுக்கலாம்.

வின்டோஸ் சின்னம் வந்தபின் சுற்றிக்கொண்டே நின்றால்தான் வின்டோஸைச் சந்தேகிக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பெயர், கடைசி அப்டேட்டை நீக்குதல், சேஃப் மோட் என்ற வரிசையில் முயலுங்கள். ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் எதையும் ஓட்ட வேண்டாம். உடனே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றிக் கோப்புகளைப் பிரதியெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் போட்டுப் பார்ப்பது, சாகக் கிடக்கும் நோயாளியை ஓட வைப்பது போன்றது.

திருத்தும் கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். ஃபோமட்டுக்கு முன் கோப்புகளைப் பிரதியெடுத்தாயிற்றா, எந்தச் சோதனையில் எது பழுதென்று கண்டீர்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தையும் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பற்றரி பட்டன் அளவுதான், பில்லோடு ஒட்டியே அனுப்பலாம்.

இப்படிக்கு,
கொம்பியூட்டர் திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.