தண்ணீர் அளவு சொன்ன அம்மாவுக்கு நன்றி

அன்புடையீர்,

மிக்ஜாம் புயல் மழையின் போது ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் பால் வண்டிக்காரர்களுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்த எங்கள் சிறு குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். பட்ட பாட்டை விவரிக்கப்போவதில்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதி சென்னையில் இருந்த அனைவரும் அதை அறிவார்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எங்கள் செல்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். போக்குவரத்துக் காவலர்களும் ஊர்க்காவல் படையினரும் நீரில் நின்றபடியே வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தூங்காமல், எந்தச் சாலையில் போகலாம் என்று காட்டும் எங்கள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வடசென்னையில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதையின் வாயிலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா அவர். வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை பகுதிகளைத் தண்டவாளங்கள் துண்டு துண்டாகப் பிரிப்பதால், ஒரு சுரங்கப்பாதை மூழ்கினாலும் வண்டிகள் வெகுதூரம் சுற்ற நேரிடும். அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரே ஒரு முறை கேட்பதற்காகத்தான் அவரை அழைத்தோம். பாதையின் சுவரில் தீட்டியிருக்கும் அளவுக் கோடுகளைப் பார்த்துச் சொன்னவர், யாரும் கேட்காமலே அதன் பிறகு மணிக்கொரு முறை தாமே அழைக்கத் தொடங்கினார். “அதே கோடுதான் சார், ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. சார்ஜ் கம்மியா இருக்கு, வெச்சிடறேன்.” அவ்வளவுதான் பேச்சு. தம் செல்பேசி அணைந்த பின் பக்கத்து வீட்டாருடையதை வாங்கிப் பேசினார், இரவிலும் நிறுத்தவில்லை.

வாகனங்களைக் கையால் எண்ணித் தாளில் கோடு போட்ட காலத்தில் போக்குவரத்துப் பொறியியல் துறைக்கு வந்தவன் நான். சிக்னல் நேரத்தைக் கணக்கிட 1958இல் வெளியான வெப்ஸ்டர் சூத்திரத்தில் தொடங்கி, தாருக்கடியில் பதிக்கும் கம்பிச்சுருள் உணரிகள், கேமராக்கள், ஜிபிஎஸ் தரவு என்று என் பணிக்காலம் நகர்ந்தது. இவற்றின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. எனினும், கம்பிச்சுருள் தன்மேல் வரும் வாகனத்தின் உலோகத்தை உணர்ந்து எண்ணுவது. எண்ணிக்கை பூஜ்யமானால் பாதை மூழ்கியதா, தடுப்பு வைத்துவிட்டார்களா, கம்பியே அறுந்துவிட்டதா என்று அதனால் சொல்ல இயலாது. செல்பேசிகளின் நகர்வைக் கொண்டு நெரிசலைக் கணிக்கும் வரைபடங்களும் வண்டியே ஓடாத சாலையில் அதே போல் திகைத்து நிற்கும். அத்தகைய வேளையில் எங்களுக்கு மிகவும் தேவைப்படுவது, முன்பு கிடைத்த தகவல் இந்த நிமிடத்திலும் செல்லுபடியாகும் என்ற உறுதிதான். அந்த அம்மா எங்களுக்குத் தந்தது அதைத்தான்.

மறுநாள் நண்பகலில், அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டு புறப்படவிருந்த ஓட்டுநர் அதை நம்பலாமா என்று எங்களிடம் கேட்டார். சற்று முன்புதான் அம்மா அழைத்து, அதே கோடுதான் என்று சொல்லியிருந்தார். ஆகவே வண்டி பாதி வழி போய்த் திரும்பாமல், முதலிலேயே சுற்றுவழியில் சென்று நேரத்துக்கு மருத்துவமனையை அடைந்தது. இதை அவரிடம் சொன்னபோது, “நல்லா இருக்காரா?” என்று மட்டும் கேட்டார்.

இனி எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் அருகே, அதன் நிலையைக் கடைசியாக ஒருவர் நேரில் உறுதிசெய்த நேரமும் இருக்கும். நேரம் கடந்த தகவல் தானாகவே மங்கித் தெரியும்படி அதை மாற்றிக்கொண்டிருக்கிறோம். மற்றச் சுரங்கப்பாதைகளின் அருகே குடியிருப்பவர்களையும் கடை வைத்திருப்பவர்களையும் சந்தித்து, இதே போல் அளவு சொல்ல ஒப்புக்கொள்பவர்களின் பட்டியலை அடுத்த பருவமழைக்குள் முடித்துவிடுவோம். அவர்களுடைய செல்பேசிக் கட்டணத்தைக் குழுவே கட்டும். அம்மாவுக்கு இம்மாதமே அதைத் தொடங்கிவிட்டோம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில் ஒரு போக்குவரத்துப் பொறியாளர்