மூச்சடக்கிச் சுழியோடப்போகும் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

வைகாசியில் ஊருக்கு வந்து, சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிப் புறாத்தீவில் சுழியோடப் போவதாக நீ எழுதியிருந்தது மகிழ்ச்சியே. ஆனால், இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் உடம்பில் ஒட்சிசன் சேரும் என்று உன் நண்பர்கள் சொன்னது பிழை; அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லக்கூடியது.

சுவாசப்பையின் கோடிக்கணக்கான சிற்றறைகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர், அதாவது நம் வீட்டுத் தரையளவு வரும். அச்சிற்றறைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியது என்பதால், செங்குழியம் அவ்விடத்தைக் கடக்கும் முக்கால் செக்கனுக்குள்ளேயே ஒட்சிசன் உட்புகுந்து ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இயல்பான மூச்சிலேயே ஈமோகுளோபின் 97, 98 வீதம் நிரம்பிவிடுவதால், மேலும் ஏற்ற இடமில்லை. கொரோனாக் காலத்தில் வாங்கிய, குருதியின் ஒட்சிசன் வீதத்தைக் காட்டும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு நானே வேகமாக மூச்சுவிட்டுப் பார்த்தேன்: 98 என்பது 99 ஆனது, அவ்வளவுதான், விரல்நுனிகள் விறுவிறுத்து, தலை கிறுகிறுத்தது. (அம்மா ஏசியது தனிக்கதை.)

காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறியதன் விளைவு அது. காபனீரொட்சைட்டை நாம் வெறும் கழிவு என்றே படித்தோம். ஆனால் மூச்சடக்கும்போது "இனி ஏலாது" என்று நெஞ்சை முட்டவைப்பது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதன்று, காபனீரொட்சைட்டு ஏறுவதே. அது ஏறக் குருதியின் அமிலத்தன்மை கூடி, மூளைத்தண்டிலுள்ள சுவாச மையம் மூச்செடுக்கச் சொல்லி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான பிரிமென்றகட்டை உந்துகிறது. வேகமாக மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு இறங்கினால் முட்டல் பிந்தும். ஒட்சிசனோ வழமைபோலத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆழம் இதை இன்னும் மறைக்கும். 10 மீற்றரில் அமுக்கம் இருமடங்காவதால், எஞ்சிய சிறிதளவு ஒட்சிசனும் குருதிக்குள் தள்ளப்பட்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். மேலெழும்போது அமுக்கம் பாதியாகக் குறைய, சுவாசப்பையில் ஒட்சிசனின் அமுக்கமும் சடுதியாக விழுந்து, நீர்மட்டத்தை நெருங்கும் வேளையில் எச்சரிக்கை ஏதுமின்றி நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது.

ஆகவே, படகில் அமைதியாக இருந்து இயல்பாக மூச்சுவிட்ட பிறகே இறங்கு. முட்டல் வந்ததும் மேலே வா. இருவராகப் போய், ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலிருந்து பார்த்திருங்கள். ஏறி வந்தவர் மீதும் அரை நிமிடமாவது கண் இருக்கட்டும். நிலாவெளியில் படகோட்டும் தம்பியிடமும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா